பொன்னையா அண்ணாச்சி கொடுத்த வாக்கு

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, நானும் ஒட்டிக்கிடுதேன். பையா? வேண்டாம், மேல வைக்க மாட்டேன், மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு மனு இருக்கு, கசங்கிரக்கூடாது. பாளையங்கோட்டைக்குத்தான். பிஷப் ஆபீசுக்கு. நீங்க எதுவரைக்கும்? கலெக்டர் ஆபீசா? அப்ப எனக்குப் பெறவுதான் எறங்குவீங்க. நல்லதாப் போச்சு. முக்கால் மணி நேரம் இருக்கு. நடந்ததைச் சொல்லுதேன், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா? அதுவும் நல்லதுதான். எங்க ஆளுங்ககிட்ட வாயத் தொறந்தா, "எக்கா, மன்னிச்சிருங்க, ஜெபம் பண்ணுங்க"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. நான் மன்னிச்சிட்டேன். எப்பவோ மன்னிச்சாச்சு. மன்னிச்சதுக்குப் பெறவு செய்ய வேண்டியதைத்தான் இப்ப செஞ்சிக்கிட்டு இருக்கேன்.

என் பேரு ஞானப்பூ. ஊரு எபனேசர்புரம். எங்க கோயில் செக்ரட்டரி ஐசக் பொன்னையா. கூரைத் தகரம் விக்கிற யாவாரம், மூணு கடை. இந்த ரோட்டுலயே ஒண்ணு வரும், காட்டுதேன். "அவரு"ன்னுதான் சொல்லணும், வயசுல மூத்தவரு. ஆனா நாக்குல "அவன்"னுதான் வருது. நீங்க கண்டுக்கிடாதீங்க.

கோயில்ல எனக்கு என்ன மரியாதைன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒருதடவை அசனம் வைப்போம், ஊருக்கே கறிச்சோறு. அதுக்கு வெங்காயம் உரிக்க லிஸ்ட் எழுதும்போது மொதப் பேரு ஞானப்பூ. ஆராதனையில பைபிள் வாசிக்க லிஸ்ட் எழுதும்போது, ஞானப்பூன்னு ஒருத்தி ஊர்லயே கெடையாது. முப்பது வருஷமா இப்படித்தான்.

எங்க வீட்டுக்காரரு மிலிட்டரி. ஹவில்தார் தவசிங். பதினாலு வருஷம் அவருகூட வடக்கதான் இருந்தேன், டேராடூன், பரேலி, கடைசியா பித்தோராகட். அதனால எனக்கு ஹிந்தி தண்ணிபட்ட பாடு. சந்தையில சண்டை போட்டுப் படிச்ச ஹிந்தி. பித்தோராகட்லதான் அவரு போனாரு. குண்டடி இல்லம்மா. மழையில ரோடு அடைச்சிக்கிட்டுன்னு மண்ணை வெட்டப் போனாங்க. மேல இருந்து இன்னொரு சரிவு வந்துட்டு. மூணு நாள் கழிச்சித்தான் எடுத்தாங்க. அதுக்குப் பெறவு நான் எப்படி எந்திரிச்சி நின்னேன், ஆண்டவர் என்னை எப்படி நடத்துனாரு, அதை நாலு பேரு முன்னால ஒருதடவை சொல்லணும்னு எனக்கு ஆசை. சாட்சின்னு சொல்லுவோம். எல்லாருந்தான் சொல்லுதாங்க. மாடு காணாமப் போயிக் கெடச்சதுக்கெல்லாம் சாட்சி சொல்லுதாங்க. நான் கேட்டா மட்டும், "அடுத்த மாசம் பாப்போம்மா." யாரு சொல்லுதது? பொன்னையா. ஞாயித்துக்கெழமை யாரு பேசணும், யாரு பேசக்கூடாதுங்கிற லிஸ்ட் அவன் சட்டைப்பையிலதான் இருக்கு.

இப்படி இருக்கும்போது இந்த வருஷம் சித்திரையில கோயில்ல அறிவிப்பு. நேபாளத்துக்கு மிஷன் பயணம், எட்டு நாள், ஏழு பேரு. மலைமேல ஒரு ஊர்ல ஜெபவீடு இருக்காம். அங்க போயி செவுருக்கு வெள்ளையடிச்சி, பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்து, கூட்டம் நடத்திட்டு வரணும். எனக்கு மேல் சிலிர்த்திட்டு. நேபாளம்னா எனக்குத் தூரமா? பித்தோராகட்ல எங்க குவாட்டர்ஸ்ல நின்னு பாத்தா தெரியுத மலையெல்லாம் நேபாளம்தான். நேரா பொன்னையா வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, எனக்கு ஹிந்தி தெரியும், அங்க உள்ளவங்களுக்கும் ஹிந்தி புரியும், நீங்க பேசுங்க, நான் மொழிபெயர்க்கேன்"னு சொன்னேன்.

என்ன சொன்னான் தெரியுமா? "அங்க பாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியும். நம்ம ஷீபா இங்கிலீஷ்ல பேசிக்கிடும். எனக்குத்தான் வடநாட்டுச் சாப்பாடு சேராது. நீ சோத்தைப் பாத்துக்கிடுதியா?" ஷீபான்னா அவன் மருமக.

சரின்னேன். ஆமாம்மா, சரின்னுதான் சொன்னேன். அந்த மலையைப் பாக்கணும்லா எனக்கு. அங்க போயாவது எங்க வீட்டுக்காரரு பேரைச் சொல்லிருவேன்னு நெனச்சேன். ஒரு நோட்டுல சாட்சியை எழுதி எழுதிப் பாத்தேன். தமிழ்ல ஒண்ணு, ஹிந்தியில ஒண்ணு.

கோயில் வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டுனாங்க. "நேபாள மிஷன் பயணம்"னு கொட்டை எழுத்து. கீழ ஆறு மூஞ்சி. போறது ஏழு பேரு. நான் எண்ணிப் பாத்தேன், எங்க தெருப் பிள்ளைங்களும் எண்ணிப் பாத்துச்சு. "பெரியம்மை, உங்க போட்டோ எங்க?"ன்னு கேக்கு. அனுப்பி வைக்கிற ஆராதனையில ஆறு பேருக்குச் சால்வை போட்டு ஜெபம் பண்ணுனாங்க. பெறவு பொன்னையா மைக்கைப் பிடிச்சி, "சமையல் உதவிக்கு ஒரு அம்மாவும் வாராங்க"ன்னான். ஒரு அம்மா! பேரு கூட இல்ல. நான் மூணாவது பெஞ்சுல இருக்கேன். மூஞ்சியை எங்க கொண்டு வைக்கன்னு தெரியல.

திருவனந்தபுரத்துல ஏறி டெல்லி, டெல்லில ஏறி காத்மாண்டு, அங்க இருந்து ஜீப்புல ஒரு பகல் முழுக்க. புளிக்காய்ச்சல் டப்பாவும் ரசப்பொடியும் என் மடியில. குலுங்கிக் குலுங்கி என் முட்டு ரெண்டும் போச்சு. அந்த ஊர்ல சுன்மாயான்னு ஒருத்தி வீட்டுலதான் எங்களைத் தங்க வச்சாங்க. நாப்பது வயசு இருக்கும். அவ புருஷன் டெல்லியில வாட்ச்மேனா இருந்து செத்தவன். அவளுக்கு நல்ல ஹிந்தி வரும். அடுப்படியில ரெண்டு பேரும் உக்காந்தோம்னா அவ என் கதையைக் கேப்பா, நான் அவ கதையைக் கேப்பேன். என்னை "தீதி"ன்னுதான் கூப்பிடுவா, அக்கான்னு அர்த்தம். நான் எங்க வீட்டுக்காரரு செத்ததைச் சொன்னப்ப என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதா. அவ அழுத அழுகையில பானையில சோறு குழைஞ்சிட்டு. அதுக்கு வேற பொன்னையாட்ட ஏச்சு வாங்குனேன்.

மூணாவது நாளு அந்த ஊரு பாஸ்டரோட அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு அவரு கீழ எறங்கிப் போயிட்டாரு. இங்கிலீஷ்ல சொன்னா நேபாளியில சொல்ல ஆளில்ல. ஷீபா இங்கிலீஷ்ல கிளி மாதிரி பேசுது, ஊரு சனம் பேந்தப் பேந்த முழிக்கி. அப்பதான் பொன்னையா அடுப்படி வாசல்ல வந்து நின்னான். "ஏம்மா, நீ ஹிந்தி தெரியும்னியே, நெசமாத் தெரியுமா?"ன்னு கேக்கான். கரண்டியோட எந்திரிச்சிப் போனேன். போகும்போதே சட்டம் போடுதான்: "நான் சொல்லுததை மட்டும் சொல்லு. உன் சரக்கைச் சேக்காத. ரெண்டு அடி பின்னால தள்ளி நில்லு, போட்டோவுல மறைக்கும்."

மொழிபெயர்க்கிறவங்க பக்கத்துல, தோளுக்குத் தோளா நிக்கணும். எங்க கோயில்ல வெளிநாட்டுக்காரரு வந்தா அப்படித்தான் நிப்பாங்க. நான் அவன் முதுகைப் பாத்துக்கிட்டு நின்னு மொழிபெயர்த்தேன். ஆனாலும் வஞ்சகம் பண்ணல. மூணு நாளு அவன் சொன்னது சொன்னபடி சொன்னேன். சொல்லப்போனா அவன் பேச்சுல உப்புச்சப்பு ஒண்ணும் கெடையாது, நான்தான் அதுல கொஞ்சம் உசுரைக் குடுத்தேன். சனங்க அழுதது எனக்குத்தான். அவன் அவனுக்குன்னு நெனச்சிக்கிட்டான்.

கடைசி நாளு வழியனுப்புத கூட்டம். ஜெபவீடு நெறைய சனம். எல்லாரும் சாட்சி சொல்லலாம்னு அவனே அறிவிச்சான். ஷீபா சொல்லுச்சு, அதுக்கு எம்.பி.ஏ. சீட்டு கெடச்ச சாட்சி. கூட வந்த பையங்க சொன்னாங்க. பொன்னையாவைத் தவிர அஞ்சு பேரும் சொன்னாங்க, அஞ்சையும் நான்தான் மொழிபெயர்த்தேன். பெறவு நான் நோட்டை எடுத்துக்கிட்டு முன்னால வந்தேன். சுன்மாயா மொத வரிசையில உக்காந்து எனக்குக் கண்ணைக் காட்டுதா, சொல்லுங்க தீதின்னு. நான் வாயத் தொறந்தேன். "எங்க வீட்டுக்காரரு பேரு தவசிங்"னு ஹிந்தியில அந்த ஒரு வரிதான் சொல்லிருப்பேன்.

"ஏம்மா, நேரமில்ல. நீ போயி சாப்பாடு எடுத்து வை. நான் பேசி முடிக்கணும்." கையை இப்படி, கோழி வெரட்டுத மாதிரி காட்டுனான். பெறவு அவனே நெனப்பு வந்து, "இல்ல இல்ல, மொழிபெயர்க்கணும்லா, அங்கன நில்லு"ன்னான்.

எம்மா, எனக்கு அப்ப என்ன ஆச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியல. அழுகை வரல. காது ரெண்டும் அடைச்சிக்கிட்டு. நோட்டை மடக்கி இடுப்புல சொருகுனேன். ரெண்டு அடி பின்னால போயி நிக்கல, அவன் பக்கத்துல, தோளுக்குத் தோளா போயி நின்னேன். போட்டோவுல மறைச்சா மறைக்கட்டும்.

அவன் என்ன பேசுனான்? எப்பவும் பேசுததுதான். "நான் சைக்கிள்ல தகரம் வச்சி வித்தேன். இன்னைக்கு எனக்கு மூணு கடை." மொழிபெயர்த்தேன். "ஓலைக்கூரையில இருந்த என்னை ஆண்டவர் மாடி வீட்டுல வச்சாரு." மொழிபெயர்த்தேன். பெறவு மேல பாத்தான். அந்த ஜெபவீட்டுக் கூரை துருப்பிடிச்ச தகரம், காத்துல பறக்காம இருக்க மேல கல்லு அடுக்கிருப்பாங்க. அதைக் காட்டி, "எனக்குச் செஞ்ச ஆண்டவர் உங்களுக்கும் செய்வாரு"ன்னான்.

நான் ஹிந்தியில சொன்னேன்: "எனக்கு மூணு தகரக் கடை இருக்கு. இந்தக் கூரை முழுசுக்கும் புதுத் தகரம் நான் அனுப்புதேன். மழைக்கு முன்னால வந்து சேந்துரும். இது ஆண்டவர் முன்னால நான் குடுக்குத வாக்கு."

எல்லாரும் கைதட்டுனாங்க பாருங்க! ஒரு கெழவரு வந்து அவன் காலைத் தொட்டாரு. பொம்பளைங்க அழுதாங்க. பொன்னையாவுக்குத் தலைகால் புரியல. ரெண்டு கையையும் தூக்கி, "ஆமென் சொல்லுங்க! ஆமென் சொல்லுங்க!"ன்னு மூணு தடவை சொல்ல வச்சான். மூணு தடவைம்மா! அதை நானா சொல்லச் சொன்னேன்? ஊரே சாட்சி இருக்கு. ஜீப்புல வரும்போது ஷீபாட்ட சொல்லுதான், "பாத்தியா, இன்னைக்கு நம்ம பிரசங்கம் எப்படிப் பிடிச்சிருக்குன்னு." நான் புளிக்காய்ச்சல் டப்பாவை மடியில வச்சிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அத்தனை வருஷத்துல நான் அப்படி சந்தோஷமா இருந்த நாளு கெடையாது.

ஊருக்கு வந்தாச்சு. கோயில்ல திரை கட்டி போட்டோ காட்டுனாங்க. நூத்துச் சொச்சம் போட்டோவுல நான் ஒண்ணுல இருக்கேன், குனிஞ்சி சோறு போடுதேன், தலை தெரியாது. பொன்னையாவுக்கு மறுபடி சால்வை. நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். போடுங்கடா போடுங்க, மழை வரட்டும்னு இருந்தேன்.

ரெண்டு வாரத்துல சுன்மாயா போன்ல கூப்பிட்டா, மூஞ்சி தெரியுத மாதிரி. அவ்வளவு சிரிப்பு. புதுத் தகரம் வருதுன்னு ஊருக்காரங்க எல்லாருமா ஏறிப் பழைய கூரையைக் கழத்திட்டாங்களாம். உத்திரத்தையெல்லாம் செதுக்கித் தயாரா வச்சாச்சு, லாரி எப்ப வரும் தீதிங்கா. கழத்துவாங்கன்னு நான் என்ன கண்டேன்? ஆனா பெறவு யோசிச்சிப் பாத்தேன். கழத்துனதும் ஒரு வகையில நல்லதுதான். வாக்கு குடுத்தவன் எவ்வளவு பெரிய பாவி ஆயிட்டான்னு இப்ப தெரியும்லா? "வரும் சுன்மாயா, அண்ணாச்சி சொன்னா செய்வாரு"ன்னு சொன்னேன்.

ஆனி கடைசியில அங்க மழை பிடிச்சிட்டு. பிள்ளைங்களுக்கு சாயங்காலப் பள்ளிக்கூடமும் அந்த ஜெபவீட்டுலதான் நடக்கும். பிள்ளைங்க குடையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க போட்டோவை சுன்மாயா அனுப்புனா. பெறவு தெக்குச் செவுரு விழுந்திட்டு. மண்ணுச் செவுருதானே, மேல கூரை இல்லாம நனைஞ்சி ஊறி, படுத்திட்டு. நல்ல வேளை அன்னைக்குப் பிள்ளைங்க யாரும் இல்ல. மண்ணு சரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா, எம்மா? எனக்கு அது தெரியாதா? அந்த போட்டோவைப் பாத்திட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பொன்னையாவை நெனச்சி நெனச்சி வயிறு எரிஞ்சிது. ஒரு பிள்ளை உள்ள இருந்திருந்தா? அவன் பதில் சொல்லுவானா?

இன்னா பாருங்க, போன்ல இருக்கு. நல்லா தெளிவா விழுந்திருக்குல்லா? இதைத்தான் பெருசாப் போட்டு மனுவோட சேத்திருக்கேன்.

ஆடியில அந்த ஊரு பாஸ்டர் எங்க கோயிலுக்கு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி எழுதுனாரு. "சகோதரர் பொன்னையா சபை முன்னால வாக்குக் குடுத்த தகரம்"னு. அதைக் கமிட்டியில வாசிச்சாங்க. பொன்னையா குதிக்கான். "நான் சொல்லவே இல்ல! ஆண்டவர் செய்வாருன்னுதான் சொன்னேன்! இந்த அம்மாதான் என்னத்தையோ திரிச்சிருக்கா!" என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. முப்பது வருஷத்துல மொதத் தடவை கமிட்டி ரூம்ல எனக்கு நாற்காலி போட்டாங்கம்மா. நான் உக்காரல. முந்தானையை வாயில வச்சிக்கிட்டு, "ஐயா, நான் சமையலுக்குப் போனவ. எனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி சொன்னதை எனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொன்னேன். அண்ணாச்சியே மூணு தடவை ஆமென் சொன்னாரு"ன்னேன். பையங்க எடுத்த வீடியோ இருக்குல்லா, கைதட்டு தொடங்குன பெறவு எடுத்தது, பேச்சு அதுல கெடையாது. போட்டுப் பாத்தாங்க. அவன் கையைத் தூக்குதான், ஆமென்னுதான், கெழவரு காலைத் தொடுதாரு, அவன் தட்டிக் குடுக்கான். பொன்னையா மூஞ்சி செத்துப் போச்சு. அந்த மூஞ்சியைப் பாக்க நான் இன்னொருதடவை நேபாளத்துக்கு நடந்தே போவேன்.

ஆனா அனுப்புனானா? ரோசம் வந்திட்டு. "நான் சொல்லாததுக்கு ஒரு தகரம் கூடக் குடுக்க மாட்டேன்"னு கடைசிவரைக்கும் நின்னுட்டான். கல்நெஞ்சுக்காரன். அன்னா, அன்னா, அந்தப் பச்சை போர்டு தெரியுதா? அவன் கடைதான். பாத்தீங்களா வாசல்ல எவ்வளவு அடுக்கிருக்குன்னு? அதுல ஒரு அடுக்கு போதும் அந்தக் கூரைக்கு.

இதுக்கு நடுவுல எங்க சபைக்கு ஒரு புது ஐயரு வந்தாரு. ஐயருன்னா எங்கள்ல குருவானவரு. ரூபன்னு பேரு, சின்ன வயசு, நல்ல மனுஷன்னுதான் நெனச்சேன். வீட்டுக்கு வந்து உக்காந்தாரு, காப்பி குடிச்சாரு, என் சங்கடத்தையெல்லாம் கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு போட்டோவைப் பாத்து, யாருன்னு கேட்டாரு. எனக்கு மனசு எளகிட்டு. நடந்ததை நடந்தபடி சொல்லிட்டேன். நம்பித்தான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு சொல்லுதாரு, "அம்மா, அண்ணாச்சி உங்களை அவமானப்படுத்துனது தப்பு. ஆனா அந்தச் சனங்களுக்கு நீங்க பொய் சொல்லிருக்கீங்க. இப்பவே போன் போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன். அப்படி ஒரு வாக்கு யாரும் குடுக்கலன்னு சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அண்ணாச்சிகிட்டயும் கேக்கணும்."

அண்ணாச்சிகிட்டயும்! கேட்டீங்களா? நான் பொன்னையாகிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம்! என் காப்பியைக் குடிச்சிட்டு, என் வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு!

சரி ஐயரேன்னு போனைப் போட்டேன். சுன்மாயா வந்தா. ஐயரு சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டு போன் முன்னால வந்து தமிழ்ல சொல்லுதாரு, "சகோதரி, ஒரு தப்பு நடந்துட்டு. அண்ணாச்சி அப்படி வாக்குக் குடுக்கல. எங்களை மன்னிக்கணும்." என்னைப் பாத்தாரு, சொல்லுங்கம்மான்னு. நான் சொன்னேன். "சுன்மாயா, இவரு எங்க புது ஐயரு. பொன்னையா செய்யாட்டாலும், கோயில்ல இருந்து நான் அனுப்புதேங்காரு. மாசக் கடைசிக்குள்ள. தாமதத்துக்கு மன்னிக்கணுங்காரு."

சுன்மாயா பொலபொலன்னு அழுதா. ஐயருக்கும் கண்ணு கலங்கிட்டு. கையெடுத்துக் கும்பிட்டாரு. போனை வச்ச பெறவு, "உண்மையைச் சொன்னா எவ்வளவு விடுதலை, பாத்தீங்களாம்மா?"ன்னு கேக்காரு. ஆமா ஐயரேன்னேன். ஜெபம் பண்ணிட்டுப் போனாரு.

அந்த மாசமும் முடிஞ்சிது. தகரம் போச்சா? போகல. இப்ப ரெண்டு பேரு வாக்குக் குடுத்தாச்சு, ரெண்டு பேரும் செய்யல. செக்ரட்டரியும் சரியில்ல, ஐயரும் சரியில்ல. நான் போயி பிஷப்பைப் பாக்கணுமா வேண்டாமா, சொல்லுங்க?

என்ன அப்படிப் பாக்கீங்க?

நானா? நான் எதுக்கும்மா அனுப்பணும்? பென்ஷன் வருது, இல்லங்கல. மனசு வச்சா அனுப்பலாம். ஆனா வாக்குக் குடுத்தவ நானா? நான் ரெண்டு அடி பின்னால நின்னவ. இன்னைக்கு நான் அனுப்பிட்டேன்னு வைங்க, அவன் தப்பிச்சிருவான். "பாத்தியா, எல்லாம் சரியாயிட்டுல்லா"ன்னு சால்வையை எடுத்துப் போட்டுக்கிட்டு நிப்பான். அதுக்கா நான் இத்தனை மாசம் நெருப்பை மடியில கட்டிக்கிட்டு அலையுதேன்? நீங்க வேற.

மனுவை ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு எழுதிக் குடுத்தாரு. நல்ல தமிழ். ஒரே ஒரு கொறைதான் சொன்னாரு. "பாதிக்கப்பட்டவங்க கையெழுத்து ஒண்ணு வேணும். இல்லாட்டா, இது உன் சொந்தப் பகைன்னு தள்ளிருவாங்க"ன்னாரு. நியாயந்தானே. சுன்மாயாட்ட கேட்டேன், பொன்னையா ஏமாத்திட்டாருன்னு ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்புன்னு. மாட்டேன்னுட்டா. "பெரியவங்க, தாமதமாகும் தீதி, ஆனா செய்வாங்க"ங்கா. எத்தனை தடவை கேட்டாலும் இதேதான். கோவமே வர மாட்டேங்கு அவளுக்கு.

இருங்க, போன் அடிக்கு. அவதாம்மா, சுன்மாயா. ஆயுசு நூறு. ஒரு நிமிஷம், கேட்டுக்கிடுதேன்.

...

வச்சிட்டா. என்ன சொல்லுதா தெரியுமா? குளிரு தொடங்கிட்டாம். ஊர்ல கூட்டம் போட்டு, இனி யாரையும் நம்ப வேண்டாம், பழைய ஓட்டைத் தகரத்தையே திரும்பத் தூக்கிப் போட்டுருவோம், பிள்ளைங்க படிக்கணும்லான்னு முடிவு பண்ணிட்டாங்களாம். இவதான் குறுக்க நின்னு சண்டை போட்டுத் தடுத்திருக்கா. "ஞானப்பூ தீதி சொல்லிருக்காங்க. தீதி வாயில பொய் வராது"ன்னாளாம். ஊரு பூரா முன்னால, என் பேரைச் சொல்லி. தவசிங்கோட வீட்டுக்காரின்னு அவரு பேரையும் சேத்துச் சொல்லிருக்கா.

இல்ல, ஒண்ணுமில்ல. காத்துல கண்ணுல தூசி. எங்க கோயில்ல ஒருத்தன் என்னைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. ஒரு வார்த்தை.

நான் என்ன சொன்னேனா? லாரி கெளம்பிட்டு, ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துரும், பழைய தகரத்தைத் தொடாதீங்கன்னு சொன்னேன். ஆமாம்மா, எங்க இருந்து வரும்? வராது. ஞாயித்துக்கெழமை ரோட்டுல எறங்கி நின்னு சாயங்காலம்வரைக்கும் பாப்பா. வராது. அப்பவாவது அவளுக்குக் கோவம் வரணும்லா. வந்தாத்தானே கையெழுத்துப் போடுவா.

நான் எறங்குத இடம் வந்துட்டு. காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்கம்மா, மனு கசங்காம எறங்கணும்.